கிராம சபையில் நாங்க கொடுக்கிற மனு ஏன் எங்கேயும் போய்ச் சேர மாட்டேங்குது? (கோத்தகிரி பக்கம்)

ஹட்டிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். கோத்தகிரி வட்டாரத்துல ஒரு கிராம ஊராட்சி. எங்க ஹட்டி (படுகர் ஊர்), கீழே இருக்கிற இருளர் குடியிருப்பு, எஸ்டேட் லைன் வீடுகள் மூணையும் சேர்த்தா 18லிருந்து 25 வயசுக்குள்ள இருபது, இருபத்தஞ்சு பேர் இருப்போம். பாதிப் பேருக்குப் படிப்பும் வேலையும் கோவை, திருப்பூர்ல. பண்டிகைக்கும் சாவுக்கும்தான் மேலே வர்றாங்க.

கேள்விகள் இவ்வளவுதான்:

கிராம சபையில தொடர்ந்து மனு கொடுக்கிறோம். வாங்கி வைக்கிறாங்க, அதோட சரி. என்ன தப்பு பண்றோம்?

ரேஷன் கடையிலிருந்து அங்கன்வாடிக்குப் போற நடைபாதைதான் முக்கியக் கோரிக்கை. மழையில கால் வைக்க முடியாது. நடுவுல கொஞ்ச தூரம் வனத்துறை இடம்னு சொல்லித் தட்டிக் கழிக்கிறாங்க. அது உண்மையிலேயே தடையா?

வெளியூர்ல இருக்கிறவங்க ஓட்டை அங்கே மாத்திக்கிறதா, இங்கேயே வெச்சுக்கிறதா?

கடைசியா, பசங்க கேட்கிறது: "பச்சைத் தேயிலை விலையை நம்பி எவன் இங்க இருக்கப் போறான், நாம எதுக்கு இதெல்லாம் பேசணும்?" இதுக்கு என்ன பதில் சொல்றது?

---

பழைய எழுத்தர்

தம்பி, முதல் தப்பு கேள்வியிலேயே இருக்கு. கிராம சபையில மனு கொடுக்கக் கூடாது, தீர்மானம் கொண்டு வரணும். மனுவை எந்தத் திங்கட்கிழமையும் ஊட்டி பிங்கர்போஸ்ட்ல கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல கொடுக்கலாம், 1100-க்கு போன் பண்ணியும் பதியலாம். கிராம சபைக்கு இருக்கிற தனி அதிகாரம் தீர்மானப் பதிவேடு. அரசியலமைப்பு 243ஏ, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994 பிரிவு 3 ரெண்டும் அதுக்குத்தான் பலம் கொடுக்குது. அங்கே ஏறாதது நடக்காததுக்குச் சமம்.

வருஷத்துக்கு ஆறு கூட்டம்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எல்லாமே ஒண்ணு இல்லை. அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் அக்டோபர் 2-ஐ ஒட்டித்தான் பேசப்படும். உங்க நடைபாதை அந்தத் திட்டத்துல ஏறணும். மே மாசம் போய்க் கத்தினா, "நிதி ஒதுக்கீடு வரட்டும் பார்க்கலாம்"னு ஒரு வரி எழுதி முடிச்சிடுவாங்க.

இப்போ கோரிக்கையோட வடிவம். "எங்க ஊருக்கு ரோடு வேணும்"னு சொன்னா பொறியாளரால மதிப்பீடு போட முடியாது. அளவு டேப் எடுத்துட்டுப் போய் அளங்க. எங்கிருந்து எங்கே, எத்தனை மீட்டர், எவ்வளவு அகலம், எத்தனை படி, தண்ணி எந்தப் பக்கம் வடியுது, எத்தனை வீடு பயன்படுத்துது. கிராம நிர்வாக அலுவலர்கிட்ட அ-பதிவேடு பார்த்து ஒவ்வொரு துண்டுக்கும் புல எண், என்ன வகை நிலம்னு குறிச்சுக்கோங்க. நத்தமா, புறம்போக்கா, எஸ்டேட் பட்டாவா, வனமா? மலையில முக்கால்வாசி வேலை நிக்கிறது இந்த ஒரு கேள்வியிலதான். பணம் இருந்தும் நிலம் யாருதுன்னு தெரியாம கோப்பு திரும்பிடும்.

எழுதி எடுத்துட்டுப் போக ஒரு மாதிரி, அளவை உங்களுக்குத் தகுந்தபடி மாத்திக்கோங்க:

"பொருள்: ______ குக்கிராமம், நியாயவிலைக் கடை முதல் அங்கன்வாடி வரை நடைபாதை. தீர்மானம்: மேற்படி இடத்தில் 140 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலத்தில் கான்கிரீட் நடைபாதையும், சரிவான பகுதியில் படிகளும் கைப்பிடிக் கம்பியும், மேட்டுப்புறத்தில் வடிகாலும் அமைக்க, அடுத்த நிதியாண்டின் வளர்ச்சித் திட்டத்தில் முதல் முன்னுரிமையாகச் சேர்க்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது."

கடைசி வார்த்தையைக் கவனிங்க. "பரிசீலிக்கலாம்", "மேல்நடவடிக்கைக்கு அனுப்பலாம்"னு எழுதினா யாரும் எதுக்கும் கட்டுப்பட்டவங்க இல்லை. மேட்டுப்புற வடிகாலை விட்டுடாதீங்க. அது இல்லாம போட்ட நடைபாதைக்கு அடியில மண் அரிச்சு ரெண்டு மழைக்காலத்துல தொங்கிடும்.

இந்த நகலைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே ஊராட்சிச் செயலர்கிட்ட கொடுத்து, இன்னொரு நகல்ல "பெற்றுக்கொண்டேன்" கையெழுத்து வாங்கிடுங்க. உங்க பக்கத்து ஊராட்சிகளுக்குத் தேர்ந்தெடுத்த தலைவர்களோட பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஓட முடிஞ்சது. தேர்தல் நடக்கிற வரைக்கும் தனி அலுவலர்தான், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி). அவருக்கும் ஒரு நகல்.

கூட்டத்தன்னைக்கு நடக்கிற வழக்கமான கோளாறு: வந்தவுடனே வருகைப் பதிவேட்டுல கையெழுத்து வாங்கிடுவாங்க, டீ குடிச்சு கூட்டம் கலைஞ்சிடும், தீர்மானங்களைச் சாயந்திரம் ஆபீஸ்ல உட்கார்ந்து எழுதுவாங்க. கையெழுத்துப் போடுறதைத் தடுக்க முடியாது, போட்டாத்தான் எண்ணிக்கை. ஆனா கலையறதுக்கு முன்னாடி "தீர்மானத்தைப் படிச்சுக் காட்டுங்க"ன்னு ரெண்டு பேராவது எழுந்து கேட்கணும். படிக்கும்போது அந்தப் பக்கத்தைப் போன்ல படம் எடுத்துடுங்க.

எண்ணிக்கை பத்தி: ஊராட்சி மக்கள்தொகை 500 வரைக்கும்னா 50 பேர், 501–3,000 வரை 100, 3,001–10,000 வரை 200, அதுக்கு மேல 300. இதுதான் குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லணும்னா குறைஞ்சது இத்தனை உறுப்பினர் வரணும். நம்ம பக்கம் ஊராட்சிங்கிறது மலைக்கு ஒண்ணா சிதறிக் கிடக்கிற குக்கிராமங்கள். கூட்டம் ஒவ்வொரு தடவையும் வேற குக்கிராமத்துல நடத்தணும், மதச்சார்புள்ள வளாகத்துல நடத்தக் கூடாது. உங்க மூணு இடத்துக்கும் நடுவுல இருக்கிற பள்ளிக்கூடத்தையோ சமுதாயக் கூடத்தையோ அடுத்த இடமாக் கேட்டு இந்தத் தடவையே எழுதிக் கொடுங்க. ஜீப் வாடகை கொடுத்து யாரும் வர மாட்டாங்க.

---

தேயிலைத் தூள்

இதெல்லாம் கண்துடைப்பு. எவ்வளவு தீர்மானம் போட்டாலும் மேலே இருக்கிறவன் நினைச்சாத்தான் நடக்கும்.

---

பழைய எழுத்தர்

@தேயிலைத் தூள், பாதி சரி. தீர்மானம் போட்டா உடனே பணம் வராது. பணம் எந்தத் தலைப்புல வருதுன்னு பார்க்காம தீர்மானம் போடுறதுதான் இன்னும் மோசம். 15-வது நிதிக்குழு மானியத்துல 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும்னு கட்டி வெச்சிருந்தாங்க. மீதி 40-லதான் நடைபாதை மாதிரி வேலை. விளையாட்டு மைதானமும் நடைபாதையும் நூலகமும் ஒரே கூட்டத்துல கேட்டா மூணுமே அந்த நாற்பதுக்குள்ள அடிச்சுக்கும். அதனாலதான் "முதல் முன்னுரிமை"ன்னு ஒண்ணே ஒண்ணு கேட்கச் சொன்னேன்.

---

பூத் அக்கா

ஓட்டு விஷயத்துக்கு நான் சொல்றேன். இதைச் சின்ன விஷயமா நினைக்காதீங்க தம்பி. கிராம சபை உறுப்பினர் யாருன்னா அந்த ஊராட்சியோட வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிறவங்க. அவ்வளவுதான். ஊர்ல பிறந்தது, வீடு இருக்கிறது, வரி கட்டுறது எதுவும் கணக்குல வராது. கோவைக்கு ஓட்டை மாத்தின பையன் உங்க கிராம சபைக்கு வந்து பேசலாம், யாரும் விரட்ட மாட்டாங்க. ஆனா குறைவெண் வரம்புல அவன் இல்லை, நாளைக்கு வார்டு உறுப்பினருக்கு நிற்கவும் முடியாது.

சட்டம் பார்க்கிறது "சாதாரணமாகக் குடியிருக்கும் இடம்". கொஞ்ச காலம் வெளியே இருக்கிறதாலேயே அந்த இடம் மாறிடாது. விடுதியில தங்கிப் படிக்கிற மாணவருக்கு ரெண்டு வழியும் உண்டு: அப்பா அம்மா வீட்டு முகவரியிலேயே வெச்சுக்கலாம், இல்லேன்னா விடுதி முகவரியில பதியலாம். குடும்பத்தோட திருப்பூர்ல வாடகை வீடு எடுத்து நிரந்தரமா இருக்கிறவங்களுக்கு நியாயமா அங்கேதான். ரெண்டு இடத்துலயும் வெச்சுக்கிறது குற்றம். பொய்யா உறுதிமொழி கொடுத்தா ஒரு வருஷம் வரை சிறைத் தண்டனைக்கு இடம் இருக்கு.

படிவங்கள்: புதுசாச் சேர 6, முகவரி மாற்றம், திருத்தம் 8, நீக்க 7. முன்னாடி ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். 2022லிருந்து ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் நாலு மாசத்தோட ஒண்ணாம் தேதியும் தகுதி நாள். 17 வயசு முடிஞ்சவங்க முன்கூட்டியே படிவம் 6 கொடுத்து வைக்கலாம்.

வீடு பூட்டிக் கிடக்கிற குடும்பங்கள் கட்டாயம் ஒரு தடவை பட்டியலைப் பாருங்க. 2025 நவம்பர் 4-ல் தமிழ்நாட்டுல தொடங்கின சிறப்புத் தீவிரத் திருத்தத்துல வீடு வீடாப் படிவம் கொடுத்து வாங்கினாங்க. அந்தச் சமயம் ஆள் இல்லாத, படிவம் திரும்பாத வீடுகளோட பேர் விடுபட்டிருக்க வாய்ப்பு அதிகம். கையில வாக்காளர் அட்டை இருக்கிறது போதாது. பாகம் எண், வரிசை எண் ரெண்டும் பட்டியல்ல இருக்கணும். இல்லேன்னா திரும்பப் படிவம் 6. உள்ளாட்சித் தேர்தலுக்கும் சட்டமன்றப் பட்டியலை வெச்சுத்தான் வார்டு வாரியாப் பிரிப்பாங்க, அங்கே இல்லாத பேர் இங்கேயும் வராது.

லைன் வீட்டுக்காரங்களுக்கு முகவரிச் சான்று பெரிய தலைவலி. கரண்ட் பில் எஸ்டேட் பேருல இருக்கும். ஆதார், வங்கிப் பாஸ்புக் ரெண்டுல எதுல லைன் வீட்டு முகவரி இருக்கோ அதைக் கொடுங்க. எதுவுமே இல்லேன்னா படிவம் கொடுத்துட்டு, வாக்குச்சாவடி நிலை அலுவலர் நேர்ல வந்து விசாரிக்கட்டும்னு கேளுங்க.

---

ஹட்டிக்காரன்

அக்கா, எழுத்தர் ஐயா, ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். ஊர்க்கூட்டத்துல பெரியவங்க முடிவு பண்ணிட்டா அதுவே போதாதா? இன்னொண்ணு, கேத்தியில இருக்கிற என் மாமா பையன் "எங்க ஊர்ல கிராம சபையே நடக்கிறதில்லை"ங்கிறான். அது எப்படி?

---

பழைய எழுத்தர்

கேத்தி பேரூராட்சி. அங்கே கிராம சபை சட்டப்படியே கிடையாது. நீலகிரியில இந்தக் குழப்பம் நிறைய. ஊரைப் பார்த்தா ஹட்டி, தோட்டம், நாலு கடை. ஆனா காகிதத்துல நகர்ப்புறம். அதிகரட்டி, பிக்கட்டி, ஜெகதளா, உலிக்கல், கீழ்குந்தா, சோலூர், நடுவட்டம், தேவர்சோலை, ஓவேலி எல்லாம் அப்படித்தான். வீட்டு வரி ரசீது தலைப்புல என்ன போட்டிருக்குன்னு பார்த்தாத் தெரிஞ்சிடும்.

அங்கே இருக்கிறது பகுதி சபா, வார்டு குழு. 2022 நவம்பர் 1-லதான் முதல் பகுதி சபா கூட்டங்கள் நடந்தது. வார்டு கவுன்சிலர் தலைமையில மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூடணும். வித்தியாசம் என்னன்னா பகுதி சபா பரிந்துரைக்கும், முடிவு பேரூராட்சி மன்றத்துது. அதனால மாமா பையன் கோரிக்கையைப் பகுதி சபாவுல பதிவு பண்ணிட்டு, அடுத்த மன்றக் கூட்டப் பொருள்ல கவுன்சிலர் அதைச் சேர்க்கிற வரைக்கும் விடக் கூடாது. செயல் அலுவலருக்கும் ஒரு நகல்.

ஊர்க்கூட்டம் வேற, கிராம சபை வேற. ஊர்க் கவுண்டரும் பெரியவங்களும் சொல்ற முடிவுக்கு அரசாங்கத்துல மதிப்பு கிடையாது. ஆனா உபயோகம் உண்டு: எந்த வேலையை முதல்ல கேட்கிறதுன்னு அங்கே பேசி முடிச்சுட்டு வந்தா, கிராம சபையில ஹட்டிக்காரங்க நாலு பக்கம் இழுக்க மாட்டாங்க. அதே நேரம் கீழே இருக்கிற இருளர் குடியிருப்பும் லைன் வீட்டுக்காரங்களும் உங்க ஊர்க்கூட்டத்துல உட்காருறதில்லை, இல்லையா? அங்கன்வாடிக்கு நடக்கிறது அவங்க வீட்டுக் குழந்தைங்களும்தான். அவங்ககிட்ட தனியாப் போய்ப் பேசணும். கூட்டத்துல பேசும்போது அங்கிருந்து ஒரு பொண்ணு எழுந்து கேட்டா அதோட எடையே வேற.

---

காட்டோரம்

வனத்துறை இடம்ங்கிறதைப் பத்தி யாரும் பேசலை, அதனால விரிவா எழுதுறேன்.

வன உரிமைச் சட்டம் 2006, பிரிவு 3(2) படிங்க. வனத்துல வாழுற மக்களோட ஊருக்கு 13 வகை பொது வசதிக்கு வன நிலத்தை மாத்திக் கொடுக்கலாம். பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்சார-தொலைபேசிக் கம்பி, குளம், குடிநீர்க் குழாய், மழைநீர் சேகரிப்பு, சிறு பாசன வாய்க்கால், மரபுசாரா எரிசக்தி, தொழிற்பயிற்சி மையம், சாலை, சமுதாயக் கூடம். சாலைன்னா நடைபாதையும் அடங்கும்னு கேளுங்க. நிபந்தனை ரெண்டு: ஒவ்வொரு வேலைக்கும் எடுக்கிற வன நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவா இருக்கணும், வெட்டுற மரம் ஹெக்டேருக்கு 75-ஐத் தாண்டக் கூடாது. கிராம சபை பரிந்துரை கட்டாயம். உங்க 140 மீட்டரை 1.2-ஆல பெருக்கினா 168 சதுர மீட்டர். ஒரு ஹெக்டேர்ங்கிறது 10,000 சதுர மீட்டர். முழுசும் வனமா இருந்தாக்கூட வரம்புல அறுபதுல ஒரு பங்குதான். இதுக்கு டெல்லி வரைக்கும் போக வேண்டியதில்லை. வனச்சரகர் இடத்தைப் பார்த்து அறிக்கை கொடுப்பார், மாவட்ட வன அலுவலர் முடிவெடுப்பார். அவர் ஒத்துக்கலைன்னா மாவட்ட அளவிலான குழு.

எங்கே கவிழும்னு சொல்றேன். எழுத்தர் சொன்ன 50, 100, 200 கணக்கு இங்கே செல்லாது. வன உரிமைச் சட்டத்துக்கான கிராம சபைக்கு உறுப்பினர்கள்ல பாதிப் பேர் வரணும், வந்தவங்கள்ல குறைஞ்சது மூணுல ஒரு பங்கு பெண்கள். அக்டோபர் 2 கூட்டத்துல நூறு கையெழுத்தோட போட்ட தீர்மானத்தை வெச்சு விண்ணப்பிச்சா, "பாதி உறுப்பினர் இல்லை"ன்னு திருப்பி அனுப்ப அவங்களுக்கு வசதியாப் போயிடும். முழு ஊராட்சியில பாதிப் பேரைத் திரட்டுறது நடக்கிற காரியமில்லை. சட்டம் கிராமம்னு சொல்றது குடியிருப்பு அளவையும் சேர்த்துத்தான். இருளர் குடியிருப்பு அளவுல தனியாக் கூட்டம் கூட்டச் சொல்லிக் கேளுங்க. அங்கே வன உரிமைக் குழு ஏற்கெனவே இருக்கான்னு முதல்ல விசாரிங்க. 10லிருந்து 15 பேர் கொண்ட குழு அது. இருந்தா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

இன்னொண்ணு: விண்ணப்பிக்கிறது நீங்க இல்லை, வேலையைச் செய்யப் போற துறை. உங்க விஷயத்துல ஊராட்சி ஒன்றியம். அவங்க படிவம் நிரப்பலைன்னா உங்க தீர்மானம் அலமாரியிலதான் இருக்கும். வேலை தொடங்கும்போது ஜேசிபி வேணும்னா அதுக்குக் கலெக்டர் அனுமதி தனியா வாங்கணும், நீலகிரியில அது எல்லாருக்கும் தெரிஞ்ச தடைதான். நடைபாதைக்கு ஆள் வெச்சு வெட்டுறதே நல்லது.

கூடலூர், ஓவேலி பக்கத்துல இருந்து யாராவது இதைப் படிச்சா: உங்க கணக்கு வேற. 1969-ம் வருஷத்து ஜென்மம் ஒழிப்புச் சட்டத்துல பிரிவு 17-ல் வர்ற நிலம்னா கரண்ட், ரோடு எல்லாத்துக்கும் தனிச் சிக்கல். அதுக்குத் தனி இழை தொடங்குங்க, இதுல கலக்க வேண்டாம்.

---

பத்து ரூபாய்

தீர்மானம் போட்டாச்சு, ரெண்டு மாசம் ஆச்சு, சத்தமே இல்லை. அப்போதான் தகவல் உரிமை.

ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பிரிவு 6(1)-ன்கீழ் ஒரு வெள்ளைத் தாள், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினாப் போதும். வறுமைக்கோட்டுப் பட்டியல்ல இருக்கிற குடும்பத்துக்கு அதுவும் வேண்டாம், சான்று இணைக்கணும். நகலுக்குப் பக்கம் 2 ரூபாய். ஸ்பீடு போஸ்ட்ல அனுப்பி ரசீதைப் பத்திரமா வைங்க.

"ஏன் நடைபாதை போடலை?"ன்னு கேட்காதீங்க. காரணம் கேட்டா "தகவல் அல்ல"ன்னு ஒரு வரியில முடிப்பாங்க. ஆவணம் கேளுங்க: இந்தத் தேதி கிராம சபையோட வருகைப் பதிவேடு, தீர்மானப் பதிவேட்டுப் பக்கங்களோட சான்றிட்ட நகல். அந்தத் தீர்மானத்தின் மேல் அனுப்பின கடிதங்களோட நகல். மதிப்பீடு தயாரிச்சிருந்தா அதோட நகல். நடப்பு வளர்ச்சித் திட்டத்துல இந்த ஊராட்சிக்கு ஏத்தின வேலைகளோட பட்டியல். பக்கம் அதிகம்னு தோணினா பிரிவு 2(ஜெ)-ன்கீழ் நேர்ல பார்வையிடக் கேளுங்க, முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை.

30 நாள்ல பதில் வரணும். வரலைன்னா அடுத்த 30 நாளுக்குள்ள முதல் மேல்முறையீடு. அதுக்கப்புறமும் இல்லைன்னா 90 நாளுக்குள்ள மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்துல நாள் இழுக்கும், அதை நம்பிக் காத்திருக்காம அடுத்த கிராம சபையில அதே பொருளை "முந்தைய தீர்மானத்தின் மீதான நடவடிக்கை"ன்னு திரும்ப வைங்க.

வெளியூர்ல இருக்கிற பசங்களுக்கு ஏத்த வேலை இது. கோவையில உட்கார்ந்தே எழுதலாம், இணையத்துலயும் போடலாம். ஆனா ஒரே ஆள் பேருல பத்து மனு போகாம ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக்கோங்க. ஊர்ல ஒருத்தனை மட்டும் குறி வெச்சு மிரட்ட முடியாது.

---

இலைச் சீட்டு

கடைசிக் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க. "எவன் இங்க இருக்கப் போறான்"னு பசங்க கேட்கிறது நியாயம்தான். நாலு அறிவுரையால அது மாறாது. பச்சைத் தேயிலை வரவு மட்டும் ஒரு குடும்பத்தைத் தாங்காதுன்னு அப்பாமாருக்கே தெரியும்.

ஆனா அவங்க போனாலும் நிலம் இங்கேதான் இருக்கும், அது எந்தப் பேருல இருக்குங்கிறதுதான் கேள்வி. பெரும்பாலும் தாத்தா பேருல கூட்டுப் பட்டா. இலை தாத்தா கணக்குலயே தொழிற்சாலைக்குப் போகும். இண்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலைன்னா உறுப்பினரும் அவரே, ஓட்டும் அவருக்கே. இலை பறிக்கிறது, மருந்து அடிக்கிறது எல்லாம் பேரனா இருந்தாலும் பேரவைக் கூட்டத்துல அவனுக்கு வாய் கிடையாது. பாகப் பிரிவினை பண்ணித் தனிப்பட்டா வாங்கி, தேயிலை வாரியத்தோட சிறு விவசாயி அட்டையும் அவன் பேருல எடுத்தா, சங்கத்துல 18 வயசுலயே உறுப்பினர் ஆகலாம். சகோதரங்க எல்லாரும் உயிரோட, சுமுகமா இருக்கும்போதே இதை முடிக்கணும். ஒரு தலைமுறை தள்ளினா வாரிசுச் சான்றிதழ் பதினஞ்சு பேருக்கு வாங்க வேண்டி வரும்.

அப்புறம், 21 வயசு ஆனவங்க உள்ளாட்சித் தேர்தல்ல நிற்கலாம். 2019 தேர்தல்ல கிராம ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு வைப்புத் தொகை 200 ரூபாய், தலைவருக்கு 600. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு அதுல பாதி. உள்ளாட்சியில பாதி இடம் பெண்களுக்கு. உங்க வார்டு பெண்கள் வார்டா வந்தா யாரோ ஒருத்தரோட மனைவியை நிறுத்திட்டுப் புருஷன் ஆபீஸ்ல உட்காருவார். அதுக்குப் பதிலா டிகிரி முடிச்சுட்டு வீட்டுல இருக்கிற பொண்ணுகிட்ட இப்பவே கேட்டு வைங்க. வீட்டு வரி பாக்கி இல்லாமப் பார்த்துக்கணும், வேட்புமனு பரிசீலனையில முதல்ல அதைத்தான் தோண்டுவாங்க.

---

ஹட்டிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. டேப் எடுத்து அளந்துட்டு வந்து எழுதுறேன். ஒரே ஒரு கேள்வி: எங்க கூட்டத்துல அஞ்சாறு பேர் 16, 17 வயசு. அவங்க கிராம சபைக்கு வரலாமா?

---

பூத் அக்கா

வரலாம், உட்காரலாம். எண்ணிக்கையில சேர மாட்டாங்க, வருகைப் பதிவேட்டுல அவங்க கையெழுத்து வேண்டாம். வயசு குறைஞ்ச கையெழுத்தைக் காட்டியே யாராவது தீர்மானத்தைச் செல்லாதுன்னு சொல்ல இடம் கொடுக்காதீங்க. அவங்ககிட்ட ஒரு நோட்டைக் கொடுத்து யார் என்ன பேசினாங்கன்னு எழுத வைங்க. சாயந்திரம் பதிவேட்டுல ஏறினதோட ஒப்பிட அது உதவும். அதுல 17 முடிஞ்சவங்க யாருன்னு பார்த்து அன்னைக்கே படிவம் 6-ஐயும் நிரப்பிடுங்க.